மூன்று கோடுகளுக்கு ஒன்றரை ஆண்டு

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் மூத்த மகளாகிய நான்தான் எழுத வேண்டும் என்று அப்பா சொன்னார். எழுத உட்கார்ந்தால் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது பெரம்பலூரைத் தாண்டி, ரஞ்சன்குடியில். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தி, கூலிக்குக் கடலை பறிக்க அனுப்பிவிட்டார்கள். பிறகு மணமாகி அரியலூர் வந்தார். அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். எனக்கு ஐந்து வயதானபோது தங்கை செல்வி பிறந்தாள். நாலு வயதில்தான் நடந்தாள். பேச்சு இன்றுவரை ஏழெட்டுச் சொற்கள்.

பள்ளியில் சேர்க்கப் போனபோது, "மத்த புள்ளைங்க படிப்பு கெட்டுரும்மா, வூட்டுலயே வச்சுக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திருச்சியில் ஒரு டாக்டரம்மா மட்டும் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். இடப்பக்கம் பந்து, குடம், மாம்பழம். வலப்பக்கம் அதே மூன்றும் இடம் மாறி இருக்கும். ஒன்றுபோல் இருப்பதைக் கோடு போட்டுச் சேர்க்க வேண்டும்.

"தெனம் போட வைங்க. அவசரப்படாதீங்க" என்றார்.

அம்மா அதைப் பார்த்துப் பார்த்து, அப்பா கொண்டுவரும், லாரி நடைக் கணக்கு எழுதிய பழைய ட்ரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் வரைந்தார். நாள்தோறும் சமையல் முடிந்ததும் செல்வியை மடியோடு சேர்த்து உட்காரவைப்பார். முதலில் அவள் கையைத் தம் கைக்குள் வைத்துக் கோடு இழுத்தார். சில மாதம் கழித்து மணிக்கட்டை மட்டும் பிடித்தார். பிறகு முழங்கையை. செல்வி பென்சிலைக் கடிப்பாள், தாளைக் கிழிப்பாள். "சரி, நாளைக்குப் போடுவோம்" என்று அம்மா எழுந்துவிடுவார்.

ஓராண்டு இப்படிப் போனது. ஒருநாள் ரஞ்சன்குடியில் ஒரு சாவுக்குப் போக வேண்டியிருந்ததால், தாளை என்னிடம் கொடுத்துவிட்டு அம்மா பஸ் ஏறினார். எனக்கு விளையாடப் போக வேண்டும். மூன்று கோட்டையும் நானே போட்டு வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அம்மா அதைப் பார்த்தார். சேலையைக்கூட மாற்றாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினார். "எம் புள்ள தானா போட்டுருச்சு, பாருங்க!" அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் செல்வியால் ஒரு கோடும் போட முடியவில்லை. அம்மா முந்தைய நாள் தாளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கோடுகள் நேராக இருந்தன.

"நீ போட்டியா?"

தலையாட்டினேன். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை.

"எனக்குப் போட்டுக் காமிச்சுட்ட. அவளுக்கு என்னடி கெடச்சுது?"

பிறகு அவரே பக்கத்து வீட்டுக்குப் போய், "நேத்து சொன்னது தப்புங்க. அவ இன்னும் போடல" என்று சொல்லிவிட்டு வந்தார். போட்டது யார் என்று சொல்லவில்லை. கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது நான் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு ஆறு மாதம். ஒருநாள் அம்மா கையை எடுத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். செல்வி பந்தைப் பந்தோடும், குடத்தைக் குடத்தோடும், மாம்பழத்தை மாம்பழத்தோடும் நடுங்கும் கோட்டால் சேர்த்தாள். அன்று அம்மா யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் புதுத் தாளில் படங்களை இடம் மாற்றி வரைந்து கொடுத்தார். செல்வி மறுபடியும் போட்டாள். அப்போதுதான் என்னை அழைத்து, "நீயே பாரு" என்றார்.

செல்வி இன்று வட்டமிடுவாள், எண்ணி நிறம் தீட்டுவாள், தன் பெயரின் முதல் எழுத்தை எழுதுவாள்.

அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தபோது நாள் கடந்திருந்தது. திருச்சி ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் இருந்தார். நான் சோறு ஊட்டினேன், துணி மாற்றினேன், கடைசியில் வண்டி பேசி உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து வேலைகளைச் செய்துகொண்டே இருக்கிறேன். வேறெதுவும் தோன்றுவதில்லை.

வரிசையில் நின்று ரத்தம் கொடுத்த லாரி டிரைவர்களுக்கும், செல்வியைத் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும், பின்னாளில் அவளுக்குத் தம் வகுப்பில் இடம் கொடுத்த டீச்சருக்கும், காடுவரை வந்த உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

திதிக்கு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அம்மா பேச்சை எடுத்தால் செல்வி உங்கள் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போய், பஸ் வரும் பக்கம் காட்டுவாள். கையை விடுவித்துக்கொள்ளாதீர்கள். அவளாகத் திரும்பும்வரை கூடவே நில்லுங்கள். அப்பாவும் நானும் தினமும் அப்படித்தான் நிற்கிறோம்.