டிவிக்கு வைத்த பொட்டு

வேனில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டியில் ஒரு ரிமோட் கிடக்கிறது. பிளாஸ்டிக் உறை போட்டு, மேலே ரப்பர் பேண்ட் சுற்றியிருக்கும். எந்த டிவிக்கும் அது வேலை செய்யாது. அதன் டிவி செத்துப் பல வருஷம் ஆகிறது. பொத்தான்களில் ஒன்று மட்டும் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். ஓடுகிற படத்தை நிறுத்தும் பொத்தான் அது. தேய்த்தது என் கட்டைவிரல். வேனைக் கழுவும்போதெல்லாம் அதைத் தூக்கிப் போடச் சொல்லி மனைவி சத்தம் போடுவாள். நான் பதில் சொல்வதில்லை. பதில் சொல்லாத பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதனால்தான் பள்ளிக்கூடத்துக் கரஸ்பாண்டன்ட் அம்மாவிடம் இத்தனை வருஷம் வேன் ஓட்ட முடிந்தது. அவர் பேசுவார். நான் ஓட்டுவேன்.

காரிமங்கலத்திலிருந்து உள்ளே போகும் ரோட்டில் ஒரு நர்சரிப் பள்ளி அது. ஐந்தாவது வரைக்கும் உண்டு. அம்மாவின் வீட்டுக்காரர் ஆரம்பித்தது. அவர் போன பிறகு அம்மா நடத்தினார். கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. விரித்து நான் பார்த்ததில்லை. பிள்ளைகளை எண்ணுவதற்கும், வாத்தியார்களைக் கூப்பிடுவதற்கும், என் வேன் தகரத்தைத் தட்டுவதற்கும்தான் அந்தக் குடை. எதையும் இரண்டு தடவை சொல்வார். முதலில் தமிழில், பிறகு இங்கிலீஷில். "இறங்கு, கெட் டவுன். ஓடாத, டோன்ட் ரன்." என்னிடமும் அப்படித்தான். "போ, கோ." நான் போவேன்.

ஹைவே ஓரத்தில் ஒரு பெரிய பள்ளி வந்தது. ஏசி பஸ், நீச்சல் குளம், என்னென்னமோ. ஒரு ஜூனில் என் வேனில் கடைசி சீட்டு காலியானது. அடுத்த ஜூனில் அதற்கு முந்தின சீட்டும் காலி. வேன் லேசாகிவிட்டால் பள்ளத்தில் விழும்போது சத்தம் வேறு மாதிரி கேட்கும். அந்தச் சத்தம் அம்மாவுக்கும் கேட்டது. அந்தச் சமயம் ஒரு தகப்பனார் கேட் பக்கத்தில் நின்று பேச்சுவாக்கில் சொன்னார். ஓசூர்ப் பக்கம் ஒரு ஜப்பான்காரக் கம்பெனியில் அவருக்கு வேலை. அந்த எழுத்து தெரிந்தவனை அங்கே கையில் வைத்துத் தாங்குகிறார்கள் என்றார். மறுநாளே கேட்டில் பேனர் தொங்கியது. விஜயதசமி முதல் ஜப்பான் எழுத்து கற்றுத்தரப்படும் என்று. பேனர் கட்டின பிறகுதான் அம்மா வாத்தியார் தேடினார்.

தர்மபுரியில் தேடினார், சேலத்தில் தேடினார், கிடைக்கவில்லை. பள்ளியில் இருந்த மிஸ்களைக் கேட்டார். "இங்கிலீசுக்கே முழி பிதுங்குதுங்க மேடம்" என்று ஒரு மிஸ் சொன்னது. மற்ற இரண்டு மிஸ்களும் அதே முழியைக் காட்டின. கடைசியில் பெங்களூரில் இருக்கும் மகள் ஒரு பென்டிரைவில் வீடியோ போட்டு அனுப்பினாள். போனில் விளையாடுவார்களே, குதித்துக் குதித்துக் காசு பொறுக்குகிற விளையாட்டு, அதில் வருகிற மாதிரி ஆட்கள். இரும்புத் தொப்பி போட்ட ஒரு தவளை. ஜப்பான் எழுத்து ஒவ்வொன்றும் அதற்கு ஒரு மலைப்பாதை. கோடு எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கிருந்து 'டொய்ங்' என்று குதிக்கும். வளைவில் வளையும். கோடு முடிகிற இடத்தில் நின்று ஒரு காலைத் தூக்கிக் கத்தும். அதற்குப் பின்னால் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு பேய் வரும். நாம் நிறுத்தாவிட்டால் பேய் எழுத்தைத் தின்றுவிடும்.

அம்மா ஒரு டிவி வாங்கி இரண்டாம் வகுப்பில் மாட்டினார். என்னைக் கூப்பிட்டு ரிமோட்டைக் கையில் கொடுத்தார்.

"காலைல பசங்கள இறக்கி வுட்டுட்டுச் சாயங்காலம் வரைக்கும் புளியமரத்தடியில தூங்கறதான? வா இங்க. தவக்கள நிக்கறப்ப நிறுத்து. பசங்க எழுதட்டும். மறுபடி ஓடவுடு. தொப்பூர் கணவாய்ல வேன நிறுத்தறவன், தவக்களய நிறுத்த மாட்டியா?"

"எனக்கு அஞ்சாவதோட சரிங்க" என்றேன்.

"தவக்கள எத்தனாவது படிச்சிருக்குது?"

அஞ்சாவதில் நான் வாங்கினது ஒரு முட்டை. டிக்டேஷனில் பத்துக்கு முட்டை. சிலேட்டில் வாத்தியார் போட்ட அந்தப் பெரிய வட்டத்தோடு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் அப்பா என்னை மாடு ஓட்ட அனுப்பிவிட்டார். அவ்வளவுதான் என் படிப்பு.

விஜயதசமிக்கு முதல் நாள் பூஜை. வேனுக்கு, மணிக்கு, தண்ணீர் மோட்டாருக்கு, டஸ்டருக்கு எல்லாம் நான்தான் சந்தனம் குங்குமம் வைப்பேன். "டிவிய வுட்டுட்டியே. அதான இப்ப வாத்தியாரு" என்று அம்மா குடையால் காட்டினார். டிவிக்கு நடுவில் மாலை தொங்கியது. அதனால் வலது பக்கம் மேலே வைத்தேன். இந்தக் காலத்து டிவிக்குச் சட்டம் விரல் அகலம்கூட இல்லை. பொட்டு கண்ணாடியில் விழுந்துவிட்டது. நல்ல அகலமான பொட்டு.

மறுநாள் வகுப்பு ஆரம்பம். பிளக் லூஸ். ஒரு கையால் நான் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார வேண்டும். மறு கையில் ரிமோட். படம் எனக்குச் சாய்வாகத்தான் தெரியும். ஆனால் தவளையின் கால் எனக்குத் தெரியும். கோடு முடிகிற இடத்தில் அது மண்ணில் படுகிற அந்த நொடியில் நிறுத்தினால் எழுத்து முழுசாக நிற்கும். முந்தினால் வால் இல்லாமல் போகும். பிந்தினால் பேய் வந்துவிடும், பிள்ளைகள் கூப்பாடு போடுவார்கள். பிரேக் மாதிரிதான். ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. பிள்ளைகளுக்கும் பழகிவிட்டது. ஒவ்வொரு கோட்டுக்கும் வாயால் 'டொய்ங்' போடாமல் அவர்களுக்கு எழுத வராது. எழுத்து முடிந்ததும் முப்பது பிள்ளைகளும் ஒரு காலைத் தூக்கிக் கத்துவார்கள். பக்கத்து வகுப்பு மிஸ் தலையில் கையை வைத்துக்கொண்டு நிற்கும்.

எனக்கு 'ஜப்பான் அண்ணா' என்று பெயர் வந்தது. டீக்கடையில், "ஜப்பான்காரருக்கு டீயா, இல்ல பச்சை மீனா?" என்று கேட்டார்கள். மனைவி ஒரு படி மேலே போனாள். "வூட்ல ஒரு வார்த்தை பேசறதில்ல. அங்க போயி ஜப்பான் பேசறீங்களாமே. எங்கிட்டயும் ஜப்பான்லயாவது பேசுங்க, புரியலைன்னாலும் பரவால்ல." நான் சோறு தின்றேன்.

ஆனால் சிரிப்பு பெற்றோர் கூட்டம் வரைக்கும் வந்துவிட்டது. அந்தக் கம்பெனிக்காரத் தகப்பனார் எழுந்தார். அவருடைய மகள் இரண்டாவது படித்தாள்.

"வேன் டிரைவரு ஜப்பான் சொல்லித்தர்றாருன்னு ஊரே சிரிக்குதுங்க. எங்க கம்பெனி ஜப்பான் சாரு சனிக்கிழம ஒகேனக்கல் போறாரு. போற வழியில இங்க கூட்டிட்டு வர்றேன். அவரு சரின்னா சரி. இல்லைன்னா எம் பொண்ண ஹைவே ஸ்கூல்ல சேத்துடுவேன்."

"நாங்களுந்தான்" என்று பின்னாலிருந்து நாலைந்து குரல் வந்தது.

"கூட்டிட்டு வாங்க, ப்ளீஸ் பிரிங்" என்றார் அம்மா. கூட்டம் கலைந்த பிறகு வேனில் ஏறி, காலியாய்க் கிடந்த கடைசி சீட்டில் உட்கார்ந்தார். அந்த ஒரு நாள்தான் அவர் இங்கிலீஷில் எதுவும் சொல்லவில்லை. "இதுவும் போச்சுன்னா அடுத்த ஜூன்ல மூட வேண்டியதுதாம்ப்பா. உனக்கு வேற வேன் கெடைக்கும். நான் என்ன பண்றது?" என்றார். "பாத்துக்கலாங்க" என்றேன். எதைப் பார்ப்பது என்று எனக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை அந்த ஜப்பான் சார் வந்தார். வயசானவர், மெலிந்த உடம்பு, தலையில் துணித் தொப்பி. இளநீர் கொடுத்தோம். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் காயைக் குனிந்து இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். பேசவே இல்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது. பெற்றோர் சுவரோரம் நின்றார்கள். அந்தத் தகப்பனாரின் மகளையே முதலில் எழுதச் சொன்னார்கள். 'டொய்ங், டொய்ங்' என்று இரண்டு கோடு போட்டாள், ஒரு காலைத் தூக்கிக் கத்தினாள். வந்தவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு நோட்டுகளைப் பார்த்தார். ஒரு பக்கம் திருப்பினார், இன்னொரு பக்கம் திருப்பினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தகப்பனாரிடம் மெதுவாக ஏதோ கேட்டார்.

"மேடம், எல்லா எழுத்துக்கும் வலது பக்கம் செவப்பா ஒரு புள்ளி வெச்சிருக்குதுங்களாம் பசங்க. அது என்னன்னு கேக்கறாரு. ஜப்பான்ல அப்படி ஒண்ணு இல்லைங்களாம்."

அம்மா மிஸ்களைப் பார்த்தார். மிஸ்கள் என்னைப் பார்த்தார்கள். நான் டிவியைப் பார்த்தேன். அது அணைந்து கிடந்தது. கறுப்புக் கண்ணாடியில், வலது பக்கம் மேலே, நான் வைத்த பொட்டு. சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. குங்குமம் மட்டும் உருண்டையாக நின்றது. கூட்டுகிற ஆயா தினமும் டிவியைத் துடைப்பார். பொட்டை விட்டுவிட்டுச் சுற்றித் துடைப்பார். பூஜைக்கு வைத்த பொட்டை யார் அழிப்பார்கள்? நம் எழுத்தில் புள்ளி உண்டு, அவர்கள் எழுத்திலும் இருக்கும் என்று எல்லாரும் இருந்துவிட்டோம். பிள்ளைகள் சிவப்புக் கிரேயான் தீரத் தீர வாங்கி, ஒவ்வோர் எழுத்துக்கும் பொட்டு வைத்திருந்தார்கள்.

நடந்து போய்ப் பொட்டில் விரலை வைத்தேன்.

"நான் வெச்சதுங்க. பூஜைக்கு. பசங்க மேல தப்பு இல்லீங்க."

அவ்வளவு பேரின் முன்னால் நான் பேசினது அதுதான் முதல் தடவை. யாரோ கெக்கென்று சிரித்தார்கள். தகப்பனார் அதை இங்கிலீஷில் சொன்னார். வந்தவர் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்று பொட்டைப் பார்த்தார். பிறகு வேனைப் பார்த்தார். ஜன்னல் வழியாக வேன் தெரிந்தது. அதன் நெற்றியிலும் பொட்டு. தலையை ஆட்டிக்கொண்டே போய் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். முதல் நோட்டில் பக்கம் அடங்க ஒரு பெரிய வட்டம் போட்டார். இரண்டாவது நோட்டிலும் வட்டம். மூன்றாவதிலும்.

"முட்டைப்பா" என்றார் அம்மா, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. குடை கையிலிருந்து நழுவியது. ஒரு பிள்ளை, "எனக்கு முட்டை போட்டுட்டாங்க" என்று அழ ஆரம்பித்தது. அது அழுவதைப் பார்த்துப் பக்கத்துப் பிள்ளையும் அழுதது. எனக்கு என் சிலேட்டு ஞாபகம் வந்தது. சுவரோரம் நின்ற பெற்றோர் வாசலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்தத் தகப்பனார் மட்டும் நகரவில்லை. கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றார். எங்களைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்தவர். அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அழுவாதீங்கடா. மேடம், அது முட்டை இல்லீங்க. எங்க கம்பெனிலயும் இப்படித்தான். சரியா வந்த சாமானுக்கு வட்டம் போடுவாங்க. கோணலுக்குத்தான் பெருக்கல் குறி. அங்க வட்டம்னா பாஸுங்க."

"எனக்குத் தெரியாதா? ஐ நோ" என்றார் அம்மா. கீழே கிடந்த குடையை எடுத்துக்கொண்டார்.

முப்பது நோட்டுக்கும் வட்டம் போட்டு முடித்த பிறகுதான் வந்தவர் நாலு வார்த்தை பேசினார். தகப்பனார் அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "கோடு எங்க நிக்கணுமோ அங்க நிக்குதுங்களாம். அவுங்க ஊர்ப் பசங்களே இழுத்துட்டுப் போயிடுவாங்களாம். நிறுத்தச் சொல்லித் தந்தது யாருன்னு கேக்கறாரு." அம்மா குடையால் என்னைக் காட்டினார். அந்த மனிதர் எழுந்து எனக்குக் குனிந்தார். நானும் குனிந்தேன். யார் முதலில் நிமிர்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கரண்ட் போய், ஃபேன் நின்ற பிறகுதான் நிமிர்ந்தோம்.

அடுத்த ஜூனில் என் கடைசி சீட்டு நிறைந்தது. பொட்டை அழிக்க அம்மா விடவில்லை. "புள்ளி டிவிக்கு, எழுத்துக்கு இல்ல. டாட் ஃபார் டிவி" என்று வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னார். அப்படியும் பாதிப் பிள்ளைகள் வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். பல வருஷம் அப்படியே ஓடியது. முட்டி வலி தாங்காமல் அம்மா பள்ளியை வேறு ஆட்களிடம் விட்டபோது டிவியும் செத்திருந்தது.

அவர்களிடம் பள்ளிச் சாவி கொடுத்த அன்று அம்மா வேனில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து ஒரு தாளும் பென்சிலும் எடுத்து என் மடியில் வைத்தார். "எழுது, ரைட். தவக்கள எழுத்து நாப்பத்தாறும்." எனக்கு வராது என்று சொல்ல வாய் எடுத்தேன். கை அதற்குள் ஆரம்பித்துவிட்டது. வாய்க்குள்ளேயே 'டொய்ங்' போட்டு எழுதினேன். எழுத்துக்கு என்ன பெயர், என்ன சத்தம், எதுவும் எனக்குத் தெரியாது. எங்கே ஆரம்பித்து எங்கே நிற்க வேண்டும் என்று மட்டும் தெரியும். வாங்கிப் பார்த்தார். "புள்ளி எங்க?" என்றார். கண்ணாடிக்குக் கீழே சாமி படத்தடியில் குங்குமம் இருந்தது. தொட்டு, வலது பக்கம் மேலே வைத்தேன். அம்மா சிவப்புப் பேனாவால் தாள் அடங்க ஒரு வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு இறங்கினார். குடையால் தகரத்தைத் தட்டினார். "போ." நான் கிளப்பினேன். அன்றைக்கு அவர் 'கோ' சொல்லவில்லை.

அவர் காலமாகி இரண்டு ஆயுத பூஜை முடிந்துவிட்டது. இப்போது பள்ளியில் சுவர் அளவுக்குத் திரை வந்திருக்கிறது. விரலால் தொட்டாலே நிற்குமாம். ஜப்பான் இல்லை, வேறு ஏதோ கற்றுத்தருகிறார்கள். நான் ஓட்ட மட்டும் செய்கிறேன். ரிமோட்டுக்கு வருஷா வருஷம் பொட்டு வைக்கிறேன். போன வாரம் முன் சீட்டில் ஏறின ஒரு சின்னப் பெண் பெட்டியைத் திறந்துவிட்டாள். உறைக்குள் ரிமோட்டுக்குப் பின்னால் நாலாய் மடித்து வைத்திருந்த தாளை உருவிப் பார்த்தாள்.

"ஐய்யே, டிரைவர் அண்ணா முட்டை வாங்கியிருக்காரு!"

வேனே சிரித்தது. தாளை வாங்கி, மடிப்புக் கலையாமல் உறைக்குள் வைத்து, ரப்பர் பேண்டைச் சுற்றினேன்.