குத்தாத கெளுத்தி

"ஏரியில எது குத்துனாலும் வலிய வெச்சே பேரு சொல்லிடுவேன். கெளுத்தியா, நண்டா, திருக்கையா, இன்னா வோணும்னாலும் கேளு!"

தோணிரேவு தனசேகர் இப்படி அறிவித்த நாள் முதல், வலி சம்பந்தப்பட்ட வழக்குகளுக்கு ஊரில் அவர்தான் உச்ச நீதிமன்றம். பறி என்னும் ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஏரிச் சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிப்பவர். குத்து வாங்காத விரல் அவரிடம் இல்லை. மேல்முறையீடும் கிடையாது.

அன்று பாதியிலேயே கரையேறிவிட்டார். இடது கை தோள்வரை கடுத்தது.

"கெளுத்தி," என்று தீர்ப்பளித்தார். "வெந்நி வையி."

கெளுத்தி முள்ளின் கடுப்பு சூட்டில் அடங்கும். மனைவி அம்பிகா வெந்நீரில் முக்கி எடுத்ததில் கை சிவந்ததே தவிர, வலி அடங்கவில்லை. தாடைக்கு ஏறியது.

"தாடையிலயுமா குத்துச்சு?"

"பறியக் கடிச்சிக்கினு இருந்தேன்ல, அதான்."

"இப்டி ஊத்துதே வேர்வ?"

"வெயிலு."

வானம் மூடிக் கிடந்தது. நெஞ்சின்மேல் யாரோ படகை இழுத்துப் போட்டாற்போல் இருப்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அந்த எடையில் குத்தும் மீன் அவருடைய சட்டப்புத்தகத்தில் இல்லை.

அம்பிகா அவர் கையை விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தாள். பழைய தழும்புகள் ஏராளம். புதிய துளை ஒன்றுகூட இல்லை.

"யோவ், முள்ளு குத்துன எடம் எங்கய்யா?"

நீதிமன்றம் தானும் ஒருமுறை விரல்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டது. அவள் நூற்றியெட்டுக்குப் போன் போட்டாள்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். ஆஸ்பிரின் மாத்திரையை மென்று விழுங்கச் சொன்னார்கள். "ஹார்ட் அட்டாக்மா. ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. லேட்டாக ஆக இதயத்துல தசை செத்துக்கிட்டே போகும்," என்ற டாக்டர், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டார். பிறகு சென்னை, ஆஞ்சியோ, அடைத்த குழாயை விரித்துவைக்க ஒரு ஸ்டென்ட். ஆம்புலன்சில் போகும் வழியெல்லாம் அம்பிகா அந்தக் கையில் துளை தேடிக்கொண்டே இருந்தாள். கெளுத்தியாகவே இருந்துவிடக் கூடாதா?

ஊர் திரும்பியவரை இறால் வியாபாரி அமீர் ஜான் நலம் விசாரித்தார்.

"இன்னா சேகரு, கெளுத்திக்கு ஸ்டென்ட் வெச்சாங்களாமே?"

தனசேகர் மாத்திரையை விழுங்கினார்.

சில மாதம் கழித்து, ஒரு காலையில் ஏரியோரம் நண்டு தடவிக்கொண்டிருந்தபோது மறுபடி இடது கை கடுத்தது. சுண்டுவிரலில் ஒரு ரத்தப்பொட்டுகூடத் தெரிந்தது. நேராக வீட்டுக்கு வந்தவர், அம்பிகாவிடம் கையை நீட்டினார்.

"வலிக்குது. இன்னானு எனக்குத் தெர்ல. வண்டியக் கூப்டு."