எழுத்து என்ற இடத்தில் என் பெயர்

பணி ஓய்வு பெற்ற ஆறாம் மாதம், தச்சநல்லூரில் ஒரு மாடியறையில் இயங்கும் ஆவணப்பட நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். ஊதியம் கிடையாது. மூன்று மாதம் ஒரு படத்துக்கு வர்ணனை எழுதிக்கொடுத்தால், அதன் முடிவில் 'எழுத்து' என்ற இடத்தில் என் பெயர் வரும் என்றார்கள். அரசு அலுவலகப் பணிக்காலம் முழுவதும் நான் எழுதிய கடிதங்களுக்குக் கீழே வேறு யாரோதான் கையெழுத்திட்டார்கள். எனக்கு அந்த இடம் வேண்டும்.

"சம்பளம் இல்லாத வேலைக்கு இஸ்திரி போட்ட சட்டை வேறயா?" என்றாள் மனைவி.

முதல் நாளே, பழைய அலுவலக வழக்கப்படி 'முற்பகல்' என்று குறிப்பிட்டுப் பணியேற்பு அறிக்கை கொடுத்தேன். என் மகன் வயதுள்ள இயக்குநர் அதைச் சுவரில் ஒட்டிவைத்துச் சிரித்தார்.

படம் தாமிரபரணிப் படித்துறைகளைப் பற்றியது. என் முதல் பிரதியைப் படித்துவிட்டு அவர் தலையைச் சொறிந்தார்.

"அண்ணாச்சி, 'மேற்படி படித்துறையில் பொதுமக்கள் நீராடி வருகின்றனர்'னு எழுதியிருக்கீய. பாக்குதவன் எந்திரிச்சுப் போயிருவான்."

"விஷயம் தெளிவா இருக்கா, இல்லையா?"

"தெளிவாத்தான் இருக்கு. நோட்டீஸ் வந்த மாதிரி பயமாவும் இருக்கு."

மொத்தம் ஏழு பிரதி எழுதினேன். ஆறாவதில் 'மேற்படி' ஒழிந்தது. இடையில், ஆற்றங்கரையில் படம்பிடிக்கும் அனுமதியைப் பாளையங்கோட்டை அரசு அலுவலகத்தில் நான்கே நாளில் வாங்கிக் கொடுத்தேன். எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குத் தாள் போகும் என்பது எனக்குத் தெரியும்.

அதுவே வினையானது. படம் முடிந்து பெயர்ப்பட்டியல் வந்தபோது என் பெயர் 'அனுமதி ஒருங்கிணைப்பு' என்பதற்கு நேரே இருந்தது. எழுத்து, இயக்கம் இரண்டும் அவர்.

"பெர்மிஷன்தான பெரிய வேலை அண்ணாச்சி. எழுத்து எல்லாரும் சேந்து பண்ணினதுதான?"

மறுநாள் ஒரு கோப்பினை அவர் முன் வைத்தேன். ஏழு பிரதிகள், தேதியும் பக்க எண்ணும் இட்டு, நூல் கோத்தவை. படத்தில் ஒலிக்கும் என் வாக்கியங்களுக்குக் கீழே சிவப்புக் கோடு. அவர் புரட்டப் புரட்டப் பக்கமெல்லாம் சிவப்பு.

"சேரும்போதே கேஸுக்கு ரெடியாத்தான் வந்தீயளோ?"

"இல்ல தம்பி. எனக்கு வேற மாதிரி வேல பாக்கத் தெரியாது."

அவர் கோப்பினை மூடிவைத்துவிட்டு, கணினியைத் திறந்து என் பெயரை 'எழுத்து' என்ற இடத்துக்கு மாற்றினார். பிறகு தயங்கித் தயங்கி, "அடுத்த படத்துக்கும் வாரீயளா?" என்றார்.

"நியமனக் கடிதம் எழுதித் தாரும். ஊதியம்னு ஒரு வரி வேணும்."

எழுதித் தந்தார். இரண்டு பிழை இருந்தது. திருத்திக் கொடுத்து, கையெழுத்து மட்டும் அவரைப் போடச் சொன்னேன்.