கன்ட்ரோலரில் விட்ட ரப்பர் பால்

ரப்பர் பால் காய்ந்தால் விரலில் இன்னொரு தோலாக ஒட்டிக்கொள்ளும். மரங்களில் பால் வெட்டிவிட்டு மலையிலிருந்து இறங்கும்போதே உரித்துப் போடுவேன். ஆனாலும் நகக்கண்ணில் இருப்பது போகாது. அந்த விரலால் போன் திரையைத் தேய்த்துத் துப்பாக்கிச் சண்டை விளையாடினால், திரைக்குள் ஓடச் சொன்ன என் ஆள் சும்மா நிற்பான். சுடச் சொன்னால் குந்துவான்.

ஞாயிறு மத்தியானம் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் நாத்தனாரோடு ஜோடி சேர்வேன். அவள் யட்டியாந்தோட்டை பஜாரில் துணிக்கடையில் நிற்பவள், பஞ்சு மாதிரி விரல். எதிரணி, பாலை ஷீட் ஆக்குகிற ரப்பர் ஸ்டோர் ஆட்கள். என்னால் தோற்றுத் தோற்று அவளுக்கு அலுத்துவிட்டது.

"இன்னும் ரெண்டு வாரம் பாப்பேன் அண்ணி. அப்புறம் வேற ஆளத் தேடிக்குவேன்" என்றாள்.

எனக்கு அந்த விளையாட்டு வேண்டும். வாரம் முழுக்க என் காதில் விழுவது வேலை ஏவுகிற குரல்கள்தான். 'அண்ணி, காப்பாத்துங்க' என்று ஒருத்தி கத்துவது அங்கே மட்டும்தான்.

அதனால் போனை நடுவில் கவ்விக்கொள்கிற கன்ட்ரோலர் ஒன்று வாங்கினேன். இரண்டு பக்கமும் பிடி, அமுக்கினால் டக்கென்று உள்ளே போகிற நிஜப் பொத்தான்கள், கட்டைவிரலுக்கு ஒரு சின்னக் குச்சி. எது எங்கே என்று பார்க்காமலே விரலுக்குத் தெரிந்தது. என் கையே திரையை மறைக்காததால் புதருக்குள் பதுங்கியவனும் கண்ணில் பட்டான். இரண்டு ஞாயிறு தொடர்ந்து ஜெயித்தோம்.

"சரி அண்ணி, இனி நீங்கதான் என் ஜோடி" என்றாள்.

பிறகு குச்சியின் ரப்பர் தொப்பி கழன்றது. மற்றவர்கள் பசை வாங்கியிருப்பார்கள். பால் வெட்டுகிறவளுக்குப் புத்தி எங்கே போகும்? மரத்தில் கட்டுகிற சிரட்டையில் மிஞ்சிய பாலில் மூன்று சொட்டு விட்டு ஒட்டினேன். வெளியே அழகாகப் பிடித்தது. உள்ளே இறங்கியது புளித்து அழுகியது. மூன்றாம் நாள் செத்த எலி வாடை. பொத்தான் இடுக்கெல்லாம் மஞ்சளாகக் கசிந்து, வியர்வையும் சேர்ந்து கொழகொழவென்று இருந்தது. துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, ஞாயிறன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

குச்சி முன்பக்கமாகவே ஒட்டிக்கொண்டது. நான் விரலை எடுத்த பிறகும் என் ஆள் நேரே நடந்து எதிரியின் துப்பாக்கி முன்னால் போய் நின்றான். "அண்ணி, காப்பாத்துங்க!" என்று அவள் கத்தினாள். என்னால் திரும்பவே முடியவில்லை. இருவரும் செத்தோம்.

கன்ட்ரோலரைப் பிடுங்கியவள் மோந்து பார்த்துக் கீழே போட்டாள். கையைக் கவுனில் தேய்த்துக்கொண்டாள்.

"சீ! ஒங்க கை வாடையே இதுல அடிக்குது. எப்பிடித்தான் தொடுறீங்களோ!"

அதுவரை அருவருப்பு அந்தச் சாமான் மேல்தான் இருந்தது. அந்தப் பேச்சோடு அவள் மேலும் வந்தது.

அடுத்த ஞாயிறு அவள் பக்கத்து லயத்துப் பெண்ணோடு ஜோடி சேர்ந்து ஜெயித்துவிட்டு, பசியோடு எங்கள் வீட்டுக்கு வந்து தட்டை நீட்டினாள்.

"அண்ணி, ரொட்டிக்கு ஒங்க சம்பல் இருக்கா?"

நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அந்தத் தேங்காய்ச் சம்பலைத்தான் தின்கிறாள்.

"இருக்கு. இந்தக் கையாலதான் பெசஞ்சேன்" என்றேன்.

நீட்டின தட்டை அவள் இழுக்கவில்லை. அதில் ஒன்றும் வைக்காமலே நான் சம்பல் சட்டியை மூடினேன்.