நாங்கள் நூறு வீதம் எடுத்த விதம்

சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் எனக்கு மூன்றாவது தடவையில்தான் சித்தியானது. அதுவும் சாதாரண சித்தி. பெறுபேற்றுத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அப்பா, "நொண்டிக்கிட்டாவது வந்து சேந்திருச்சே, அது போதும்" என்றார். பிறகு கலைப்பிரிவில் படித்தேன், தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு நியமனம் கிடைத்தது. அங்கே கணிதத்துக்கு ஆள் இல்லை. பாடம் பிரிக்கும் கூட்டத்தில் கடைசியாக நாற்காலி பிடித்தவன் நான் என்பதால் கணிதம் எனக்கு வந்தது. இன்றுவரை அப்பாவிடம் நான் எந்தப் பாடம் படிப்பிக்கிறேன் என்று சொன்னதில்லை. அவருக்கு இருதய வருத்தம்.

எங்கள் பாடசாலை, இரத்தோட்டையிலிருந்து மேலே ஏறும் பஸ் மூச்சு வாங்கித் திரும்புகிற இடத்தில் இருக்கிறது. வலயக் கல்விப் பணிமனை வருடத்துக்கு ஒருமுறை ஒரு படிவம் அனுப்பி நாங்கள் யார் என்று விசாரிக்கும். என்ன இனம், என்ன சமயம், எந்த மொழிமூலம், பெற்றோர் என்ன தொழில். நகரத்துப் பாடசாலைகள் இந்தப் படிவத்தோடு ஒரு வாரம் மல்லுக்கட்டுவார்கள். எனக்குப் பத்து நிமிடம். முதல் பிள்ளைக்கு எழுதிவிட்டு அதன் கீழே கடைசிப் பிள்ளைவரை 'மேற்படி, மேற்படி' என்று போட்டுக்கொண்டே போனால் முடிந்தது.

படிவத்தில் நாங்கள் யார் என்று தெரிந்துகொண்டவர்கள், பெறுபேற்றுக் கூட்டத்தில் நாங்கள் எங்கே என்று காட்டுவார்கள். மாத்தளையில் ஒரு பெரிய மண்டபம். வலயத்திலுள்ள சிங்களப் பாடசாலைகள், முஸ்லிம் பாடசாலைகள், தமிழ்ப் பாடசாலைகள் எல்லாவற்றின் அதிபர்களும் கணித ஆசிரியர்களும் வருவார்கள். திரையில் பாடசாலைகளின் பெயர்கள் மேலிருந்து கீழாக இறங்கும். மேலே பச்சை, நடுவே மஞ்சள், அடியில் சிவப்பு. ஒரு வழக்கமும் உண்டு: ஒலிவாங்கி முதலில் கடைசிப் பாடசாலையின் அதிபரிடம் போகும். அவர் எழுந்து காரணம் சொல்ல வேண்டும். எங்களுக்கும் கீழே முன்பு ஒரு பாடசாலை இருந்தது. பிள்ளைகள் குறைந்து அதை மூடிவிட்டார்கள். அந்தத் துக்கம் எங்களுக்குத்தான் பெரிது.

அந்த வருடம் எங்கள் அதிபர் எழுந்து, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், பாடசாலைக்குத் தண்ணீர் வசதி இல்லை என்று ஆரம்பித்தார். மேடையிலிருந்த அதிகாரி, "தண்ணி குடிச்சா கணக்கு வந்துருமா, அதிபர்?" என்று சிங்களத்தில் கேட்டார். மண்டபமே சிரித்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அதிபர் இரத்தோட்டைவரை என்னை விட்டு வேறு ஆசனத்தில் உட்கார்ந்து வந்தார். அங்கே இறங்கி, மேலே போகும் பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னார்: "நீங்களும் சிரிச்சீங்க."

"இல்ல சேர், கொட்டாவி."

"பல்லு தெரிஞ்சிச்சு."

"பெரிய கொட்டாவி சேர்."

அவர் சிரிக்கவில்லை. "இந்தத் தடவ பதினொரு பேரு. அத்தன பேரும் எழுதித்தான் ஆகணுமா?"

"எழுத விடணும்ங்கிறதுதான் சட்டம்."

"புள்ள இன்னும் தயாரில்ல, அடுத்த வருசம் வெளிவாரியா, தனியா எழுதட்டும்னு வீட்டுல கடிதம் குடுத்தா?"

குடுத்தால் சட்டம் வாயை மூடிக்கொள்ளும். எங்கள் கணக்கிலும் அந்தப் பிள்ளை வராது. இதை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. பச்சையில் இருப்பவர்கள் சிலரும் அப்படித்தான் பச்சையானார்கள் என்று தேநீர் இடைவேளையில் பேசிக்கொள்வார்கள். அடுத்த தவணைப் பரீட்சையில் நாற்பதுக்குக் கீழே எடுப்பவர்களின் வீட்டில் கடிதம் வாங்குவது என்று முடிவானது. வாங்கும் பொறுப்பு எனக்கு. "நீங்கதான் சிரிக்கச் சிரிக்கப் பேசுவீங்களே" என்றார் அதிபர். அது பாராட்டு என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

தவணைப் பரீட்சையன்று வலயத்திலிருந்து வந்த பொதியில் தமிழ்மொழி மூல வினாத்தாள்கள் எட்டுத்தான் இருந்தன. பிரதி எடுக்கும் இயந்திரத்தில் மை தீர்ந்து ஒரு தவணை ஆகியிருந்தது. முன்னால் இருந்த எட்டுப் பேருக்கும் தாளைக் கொடுத்துவிட்டு, பின்வரிசை மூவருக்காகக் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதினேன். அந்தப் பின்வரிசைக்கு நான் வைத்திருந்த பெயர் 'எதிர்க்கட்சி'. எழுதும்போது முன்வரிசைக்கு ஒரு கதையும் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குக் கை ஒரு வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது.

பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை. உயரமானவள். யாருக்கும் மறைக்கக்கூடாது என்றுதான் அவளை அங்கே உட்கார வைத்திருந்தார்கள். நான் அதை மறந்து, அவள் படிக்காததால் அங்கே இருக்கிறாள் என்று நினைத்துப் பழகிவிட்டேன். அரைமணி நேரத்தில் அவள் கையை உயர்த்தினாள்.

"சேர், வளையி வரையிற கேள்வியில அட்டவணையும் சமன்பாடும் ஒத்துப்போகலங்க. எதுவோ ஒன்னு பிழையா இருக்கு."

"பிழ கேள்வியில இல்லம்மா" என்றேன். "ஒன்னய கணக்கு வகுப்புல போட்டாங்க பாரு, அதுதான் பிழ."

வகுப்பு சிரித்தது. அவளும் கொஞ்சம் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் அடுத்ததும் தனக்குத்தான் வரும் என்று என் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

விடைத்தாள்களை வலயம் அனுப்பிய விடைகளை வைத்துத் திருத்தினேன். அதில் அந்த வளையியின் கோடு கவிழ்த்து வைத்த கோப்பை மாதிரி இருந்தது. அவள் நிமிர்ந்த கோப்பை ஒன்றை வரைந்திருந்தாள். அட்டவணையில் இருந்த எண்களையும் வெட்டி வேறு எழுதியிருந்தாள். சிவப்பு மையால் பக்கத்தில் எழுதினேன்: 'வளையி சிரிக்கிறது. புள்ளி அழுகிறது.' எழுதிவிட்டு நானே ரசித்தேன். மொத்தம் முப்பத்தாறு.

நாற்பதுக்குக் கீழே மூன்று பேர். மற்ற இருவரும் முன்வரிசைப் பையன்கள். அவர்கள் வீட்டில் கடிதம் வாங்குவது கஷ்டமாக இருக்கவில்லை. ஒருவன் ஏற்கெனவே பாதி நாள் தம்புள்ளைச் சந்தையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். மீதி அவள்.

அவளுடைய அம்மாவைப் பின்னேரம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பிடித்தேன். கூடையை இறக்கிவிட்டுத் தலையில் கட்டியிருந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். அம்மாவுக்குத் தேத்தண்ணிப் போத்தல் கொண்டுவந்த மகளும் பக்கத்தில் நின்றாள்.

"நல்லா படிக்கிறாள்னுதானுங்களே சேர் நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார் அம்மா.

"நல்லாத்தான் படிக்கிறா. இன்னும் கொஞ்சம் வேகணும். அரைவேக்காட்டுல எறக்குனா சோறு வயித்துக்குச் சேருமா?"

நிறுக்க நின்ற பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"சேர், நான் எழுதுறேங்க" என்றாள் அவள். "இந்த வருசம் பாஸ் பண்ணாத்தான் ஏ.எல். படிக்க மாத்தளைக்கு அனுப்புவேன்னு அப்பா சொல்லிட்டாருங்க. இல்லாட்டி வேலைக்குப் போகணும். ஒரு தடவதான்னு சொல்லிட்டாரு."

"நான் மூணு தடவ எழுதுனவன். என்னயப் பாரு, கெட்டாப் போயிட்டேன்?"

அவள் என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வெளிவாரி விண்ணப்பத்த நானே கொண்டாந்து நெரப்பித் தாறேன். அவங்க அப்பாகிட்டயும் நானே பேசுறேன்" என்று அம்மாவிடம் சொன்னேன்.

"எங்களுக்கு என்னங்க தெரியும். நீங்க சொன்னா சரிதாங்க" என்று அவர் நான் எழுதிக் கொண்டுபோன கடிதத்தில், என் முதுகையே மேசையாக்கிக் கையெழுத்துப் போட்டார். நான்தான் குனிந்து கொடுத்தேன். அதற்கும் ஒரு சிரிப்புக் கிடைத்தது.

அந்த விண்ணப்பத்தை வாங்கியது உண்மை. என் பையில் சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். பருப்புக் கறி ஊறிய பிறகுதான் அதைத் திரும்பப் பார்த்தேன். அப்போது முடிவுத் திகதி போய்விட்டது. அப்பாவிடம் பேசுவதும் அதோடு போனது. போனால் திகதி போன கதையையும் சொல்ல வேண்டிவரும்.

எட்டுப் பேர் எழுதினார்கள். எட்டுப் பேரும் கணிதத்தில் சித்தி. ஐந்து பேருக்கு என்னைப் போலவே சாதாரண சித்திதான், இருந்தாலும் திரை அதைப் பார்க்காது. அதிபர் எனக்குப் பாற்சோறு அனுப்பினார். அடுத்த கூட்டத்தில் நீங்கள் எப்படிச் சாதித்தீர்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும், மாதிரி விடைத்தாள்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு கோவையும் கொண்டு வாருங்கள் என்று வலயத்திலிருந்து கடிதம் வந்தது.

கூட்டத்தன்று காலையில் ஆசிரியர் அறையில் கோவை கட்ட உட்கார்ந்தேன். பழைய தவணைப் பரீட்சைக் கட்டைப் பிரித்தேன். முன்பக்கத்தில் வைக்க அச்சடித்த வினாத்தாளை எடுத்து மேசையில் போட்டபோது, அவளுடைய தாள் தற்செயலாக அதன் பக்கத்தில் கிடந்தது. வளையிக் கேள்வியில் அச்சில் ஒரு சய அடையாளம், ஒரு சின்னக் கழித்தல் கோடு, இருந்தது. அவள் தாளில் அவள் பார்த்து எழுதிய சமன்பாட்டில் அது இல்லை. பலகையில் நான் அதைப் போடவில்லை. தேடிப் பார்த்தேன். தொட்டிக் கேள்வியில் ஆரை என்றிருந்ததை விட்டம் என்று எழுதியிருக்கிறேன். வட்டிக் கேள்வியில் ஒரு முழு வரியையே விழுங்கியிருக்கிறேன். இன்னொன்றில் எண்கள் இடம் மாறியிருந்தன. நான் கேட்ட நான்கு பிழையான கேள்விகளுக்கும் அவள் சரியான விடை எழுதியிருந்தாள். பின்வரிசையில் இருந்த மற்ற இருவருக்கும் ஏன் ஒன்றும் ஆகவில்லை? எழுந்துபோய் அவர்களுடைய தாள்களையும் பார்த்தேன். அவர்கள் பலகையைப் பார்க்கவே இல்லை. எக்கி எக்கி முன்னால் இருந்தவன் தாளைப் பார்த்து எழுதியிருந்தார்கள். வகுப்பிலேயே ஆசிரியரை நம்பியவள் ஒருத்திதான்.

பென்சிலால் திரும்பத் திருத்தினேன். எழுபத்தொன்று. பரீட்சை எழுதிய எட்டுப் பேரில் ஒருவர்கூட அந்தத் தவணையில் எழுபதைத் தொடவில்லை.

அதிபரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றினார்.

"இப்ப எதுக்கு இத எடுத்தீங்க?"

"கோவைக்குத் தேடுனப்ப வந்திச்சு சேர்."

"கோவைக்கு நல்ல தாளா வைங்க."

"இதுதான் சேர் நல்ல தாள்."

"பஸ் வருது" என்றார் அதிபர்.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனேன். மண்டபத்தில் எங்கள் பெயர் பச்சையில் இருந்தது. ஒலிவாங்கி வேறு யாரோ ஓர் அதிபரிடம் போனது. அவருடைய பாடசாலையில் கழிவறை இல்லையாம். மண்டபம் சிரித்தது. இந்தத் தடவை எங்கள் அதிபருக்குப் பெரிய கொட்டாவி வந்தது.

பிறகு என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். சொல்லியும் விட்டேன். ஆனால் வாய் என்னுடையது அல்லவா, அது பகிடியாகத்தான் வந்தது: "பெரிய இரகசியம் ஒண்ணுமில்ல. பின்வரிசைய எடுத்துட்டோம்."

சிரித்தார்கள், கைதட்டினார்கள். ஓர் ஆசிரிய ஆலோசகர் குறிப்பெடுத்துக்கொண்டார். இரண்டு வாரத்தில் எல்லாப் பாடசாலைகளுக்கும் அறிவித்தல் போனது: வகுப்பறைகளில் பின்வரிசை இருக்கக்கூடாது, மேசைகளை வட்டமாகப் போட வேண்டும். அலுவிகாரைப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் போன் எடுத்து, "மேசைகள வட்டமாப் போட்டா கதவத் திறக்க முடியலியே, நீங்க எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டார். எங்கள் வகுப்பில் ஆட்கள் குறைவு என்று சொன்னேன்.

அவள் எங்கே என்று அம்மாதான் பஸ்ஸில் சொன்னார். மாத்தளையில் ஒரு துணிக்கடையில் வேலை. "ஒங்க தயவால நல்ல எடம் சேர்" என்றார். எதற்காக என் தயவு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை தாளை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். அவள் சேலைப் பக்கத்தில் நின்றாள். வேலைக்கு நிற்கும் பிள்ளைகளுக்கு அங்கே நாற்காலி கிடையாது. முன்பைவிட உயரமாகத் தெரிந்தாள்.

"வாங்க சேர்" என்றாள்.

தாளைச் சேலை விரிக்கும் பலகையில் விரித்து, பென்சில் புள்ளிகளைக் காட்டினேன். "கேள்வியில பிழ இருந்திச்சு. நீ சொன்னது சரி. எழுபத்தொண்ணு."

அவள் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். சிவப்பு மையில் எழுதியிருந்த இடத்தில் நின்றாள்.

"வளையி சிரிக்கிறது, புள்ளி அழுகிறது" என்று வாசித்தாள். பக்கத்தில் நின்ற பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்க கணக்கு சேர்" என்றாள் இவள் அந்தப் பிள்ளையிடம். "எப்பவும் இப்படித்தான், நல்லா பகிடி பண்ணுவாரு."

"அடுத்த வருச விண்ணப்பம் வந்ததும் நான் கொண்டாறேன்" என்றேன்.

"சனி ஞாயிறுலயும் கடை சேர். படிக்க எங்க நேரம்? அப்பாவும் ஒரு தடவதான்னு சொன்னாருல்ல, அந்தத் தடவ முடிஞ்சிச்சு." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அதற்கும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

காசு மேசையிலிருந்து முதலாளி சிங்களத்தில் கேட்டார், ஐயா ஏதும் எடுக்கிறாரா இல்லையா என்று.

"என்ன காட்டட்டும் சேர்?" என்று கேட்டாள் அவள்.

இரண்டு கைக்குட்டை எடுத்தேன். அவள் அவற்றை மடித்தாள். விடைத்தாளையும் அதே மடிப்பில், மூலைக்கு மூலை பிசகாமல் மடித்து, கைக்குட்டைகளுக்கு நடுவே வைத்து, கடைப் பையில் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"திரும்ப வாங்க சேர்" என்றாள். யார் போனாலும் அப்படிச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.