எண்ணிய பின் பிரிக்கவும்

என் ஓய்வூதிய அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்த காகிதத் துண்டு ஒன்று இருக்கிறது. மேலே நீல மையில் ‘எண்ணிய பின் பிரிக்கவும்’ என்று எழுதியிருக்கும். எழுதியவர் குழந்தைகள் வாட்டின் சிஸ்டர். அப்படி எழுதச் சொன்னவன் நான்.

கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். மூளைக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால், பிள்ளையின் முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீரைச் சிறு குழாயில் அனுப்புவார்கள். அதிலுள்ள வெள்ளணுக்களை நுணுக்குக்காட்டியில் எண்ணிச் சொல்வது என் பொறுப்பு. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வரும் அந்த சிஸ்டருக்கு என் எண்ணிக்கை வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. சிறுநீர் சோதிக்கிற மலிவான பட்டியொன்றில் அதே நீரில் ஒரு துளியை விட்டு, கட்டிலடியில் நின்றபடியே இரண்டு நிமிடம் கடிகாரம் பார்த்து, நிறத்தைப் பட்டிப் போத்தலில் அச்சிட்ட நிறங்களோடு ஒப்பிடுவார். ஊதா ஏறினால் வெள்ளணு உண்டு.

“போத்தலில சிறுநீருக்கு எண்டுதான் போட்டிருக்கு, சிஸ்டர்.”

“பட்டிக்கு வாசிக்கத் தெரியாதே, அண்ணே.”

அவரைத் தோற்கடிக்க ஒரு முறையான வழி கண்டுபிடித்தேன். பட்டி காட்டியதைத் துண்டில் எழுதி மடித்துக் குழாயோடு அனுப்ப வேண்டும். நான் எண்ணி முடித்த பிறகே பிரிப்பேன். முதலில் பார்த்தால் என் கண் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் அல்லவா? ஒருமுறை தோற்றார். அணுக்கள் கொஞ்சமாக இருந்ததால் பட்டி வெளிறியே கிடந்தது. துண்டைத் தூக்கிக்கொண்டு நானே மாடியேறிப் போனேன். “பெரிய வெற்றிதான். இண்டைக்கு வீட்ட போய்ப் பாயாசம் வைங்க,” என்றார். மற்ற நாட்களில் பெரும்பாலும் அவர்தான் வென்றார். போகப்போக நிறத்தின் கீழே வேறு வரிகளும் வரத் தொடங்கின. ‘மழை வரப்போகுது, உங்கட குடை இங்கதான் கிடக்கு.’ குழாயை விடத் துண்டை நான் எதிர்பார்க்கத் தொடங்கியதை எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை.

பௌர்ணமிக்கு விடும் போயா விடுமுறை ஒன்றின் நண்பகல். தெமட்டகொடையிலிருந்து வந்த நாலு வயதுப் பெண்பிள்ளை. கடும் காய்ச்சல், கழுத்து மடங்கவில்லை. சிற்றூழியர் குழாயைக் கொண்டுவந்தார். படிவத்தில் டொக்டரின் கையொப்பம் இல்லை.

“சேர், சிஸ்டர் சரியான அவசரம் எண்டவ.”

“அவசரமெண்டால் கெதியாக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாங்கோ.”

குழாய் திரும்பிப் போனது. துண்டு மட்டும் என் மேசையில் தங்கிவிட்டது. கையொப்பத்தோடு குழாய் மறுபடி வர இரண்டு மணித்தியாலம் ஆனது. அதற்குள் அணுக்கள் சிதைந்திருந்தன. என் எண்ணிக்கை எதற்கும் உதவாது. எண்ண முடியாதபடியால் துண்டையும் பிரிக்கவில்லை. விதி என்றால் விதி. மாலையில் பூட்டிக்கொண்டு கிளம்பும்போதுதான் பிரித்தேன்.

‘நல்ல ஊதா. டொக்டர் பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு மூச்சுக் குடுக்கிறார், கையெழுத்துக்கு நேரமில்ல. திருப்பி அனுப்பாதீங்க அண்ணே.’

பிள்ளை பிழைத்தது. சிஸ்டர் பட்டியை டொக்டரின் கண்முன் பிடித்துக் காட்டி, அவர் வாயால் சொன்ன மருந்தை அப்போதே ஏற்றியிருந்தார். என்னை நம்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கத்தான் மாடியேறினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். என் வாயிலிருந்து வந்ததோ வேறு.

“படிவத்தில கையெழுத்துக் கட்டாயம், சிஸ்டர்.”

“ஓம், சேர்,” என்றார்.

அதன் பிறகு அண்ணே இல்லை. அந்த வாட்டிலிருந்து வந்த படிவங்களில் ஒரு குறையும் இருந்ததில்லை. கையொப்பம், நேரம், கட்டில் இலக்கம் எல்லாம் அச்சடித்ததுபோல் இருக்கும். துண்டு மட்டும் வரவில்லை, அவர் ஓய்வுபெறும்வரை. பல வருடம் கழித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். சிஸ்டர் இருந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். மகளோடு கனடாவில் இருந்தவர் அங்கேயே காலமாகிவிட்டார் என்றார்கள்.

இப்போது சீனி வருத்தத்துக்காக மாதம் ஒருமுறை வெள்ளவத்தையில் சோதனைக்கு இரத்தம் கொடுக்கிறேன். அறிக்கையை உறையிலிட்டுத் தருவார்கள். அதை எடுத்த பிறகு உறையைக் கவிழ்த்து ஒருமுறை தட்டிப் பார்ப்பேன். போன கிழமையும் தட்டினேன்.

“என்ன அங்கிள், ஏதும் குறையுதா?” என்றாள் கவுண்டரில் இருந்த பிள்ளை.

“இல்லை மகள், எல்லாம் சரியா இருக்கு. கையெழுத்துக்கூட இருக்கு.”