டொமைனைப் பூட்டிய அண்ணன்

என் அண்ணனுக்குக் கதவுகளைப் பற்றித் தெரிந்த அளவுக்கு மனிதர்களைப் பற்றித் தெரியாது. லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருட அனுபவம். "லிஃப்டுல வர்ற பத்து கோளாறுல எட்டு, கதவுக் கோளாறுதான்" என்று துக்க வீட்டில்கூடச் சொல்லக்கூடிய ஆள். ஏதாவது ஒரு மாடியில் கதவு மக்கர் செய்தால், அந்த மாடியில் லிஃப்ட் நிற்காதபடி பூட்டிவிடுவான். மற்ற மாடிக்காரர்கள் சொகுசாகப் போய்வரலாம். அந்த மாடிக்காரர்கள், உதிரி பாகம் வரும்வரை, படியேற வேண்டியதுதான். நான் ரிசப்ஷனில் வேலை பார்க்கும் கட்டடத்தின் ஆறாவது மாடியை நாலு மாதம் அப்படிப் பூட்டி வைத்திருந்தான். பூட்டியவன் அவன், திட்டு வாங்கியவள் நான்.

அவனுக்கு ஒரே மகள், ஐந்து வயது. பத்தாவது மாதத்திலேயே வலிப்பு வந்துவிட்டது. எத்தனையோ மருந்து மாற்றிக் கடைசியில் ஒரே ஒரு சிரப்தான் அவளுக்கு ஒத்துக்கொண்டது. காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை, ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து வாயோரமாகக் கொடுக்கவேண்டும். தவறாமல் கொடுத்தால் பக்கத்து வீட்டுக் குழந்தையைப் போல ஓடியாடுவாள். விட்டால் போச்சு.

இந்த அலைச்சலில்தான் அவன் அந்த இணைய மன்றத்தை ஆரம்பித்தான். வலிப்பு உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கானது. பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரை உருப்படியாக எழுதியதில்லை, இவனா மன்றம் நடத்துவது என்று நான் கேலி செய்தேன். இரண்டே வருடத்தில் ஆயிரத்து ஐந்நூறு குடும்பங்கள் சேர்ந்துவிட்டன. மருந்து கொடுத்ததும் பிள்ளை வாந்தி எடுத்துவிட்டால் என்ன செய்வது, வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் யாரைக் கூப்பிடுவது என்று ஆளாளுக்குக் கேட்பார்கள், பட்டவர்கள் பதில் சொல்வார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், யாருக்காவது சிரப் தீர்ந்துபோய்க் கடையிலும் கிடைக்காவிட்டால் அங்கே ஒரு வரி எழுதினால் போதும். கையில் அதிகம் வைத்திருப்பவர் யாராவது மறுநாளே ஒரு பாட்டிலை அனுப்பிவிடுவார்.

நல்லது நடக்கும் இடத்தை மோப்பம் பிடித்து வருவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறதே. போலி உறுப்பினர் பதிவுகள் வர ஆரம்பித்தன. முதலில் நாளுக்குப் பத்து, பிறகு நூறு, பிறகு முந்நூறு. மனிதர்கள் அல்ல, ஏதோ புரோகிராம் போட்டு அனுப்புகிறார்கள். உள்ளே வந்து மருந்து விற்பதாக விளம்பரம் ஒட்டுவார்கள். டீச்சர் என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு தாய் அதை நம்பி வாங்கினார். பாட்டிலில் இருந்தது சர்க்கரைத் தண்ணீர். அவர் பிள்ளை ஒன்பது நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தது.

அந்தச் செய்தி வந்த அன்று அண்ணன் பேயறைந்தவன் போல இருந்தான். வந்த போலிகளையெல்லாம் வரிசைப்படுத்திப் பார்த்தான். பத்தில் ஒன்பது பேருடைய மின்னஞ்சல் முகவரியில், அந்தச் சுழித்த குறிக்குப் பின்னால் ஒரே பெயர். இலவசமாக முகவரி தரும் ஒரு நிறுவனத்தின் டொமைன். ஆறாவது மாடிக்குச் செய்ததையே இதற்கும் செய்தான். அந்த டொமைனிலிருந்து யார் பதிவு செய்ய வந்தாலும் உள்ளே விடாதே என்று ஒரே ஒரு வரி. முடிந்தது.

"அதுல நல்லவங்களும் இருப்பாங்களேடா" என்று கேட்டேன்.

"இருந்தா வேற மெயில் எடுத்துட்டு வரட்டும்."

"வேற மெயில் எடுக்கணும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அது தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் அவன் வைத்திருந்தான். காரணத்தைச் சொன்னால் திருடன் அடுத்த டொமைனுக்கு மாறிவிடுவானாம். அதனால் 'உங்கள் பதிவு ஏற்கப்படவில்லை' என்ற ஒற்றை வரி மட்டும் காட்டும்படி செய்தான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறாய் என்றேன். அவன் காதில் வாங்கவில்லை. மன்றத்தில் எல்லோரும் அவனைக் கொண்டாடினார்கள். டீச்சர் அவனைக் கூடப்பிறந்தவன் என்று எழுதியிருந்தார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

எட்டு மாதம் நிம்மதியாகப் போயிற்று. பிறகு அந்த சிரப் தயாரிக்கும் கம்பெனி உற்பத்தியை நிறுத்தியது. ஏதோ மூலப்பொருள் வரவில்லையாம், மூன்று மாதம் ஆகுமாம். முதல் வாரம் கடைகளில் கிடைத்தது. அடுத்த வாரம் கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். மன்றத்தில் கொடுப்பவர்கள் குறைந்து கேட்பவர்களே மிஞ்சினார்கள். அண்ணன் தன் கையிலிருந்ததில் இரண்டு பாட்டிலை அதற்கு முன்பே யாருக்கோ அனுப்பிவிட்டிருந்தான். டாக்டர் வேறு மருந்து எழுதிக் கொடுத்தார். கொடுத்த அன்றே குழந்தைக்கு உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

கடைசிப் பாட்டிலில் நாலு வேளைக்கு இருந்தபோது, டாக்டரைக் கேட்டு அளவைக் குறைத்தார்கள். குறைத்த மறுநாளே சாப்பாட்டு மேசையில் வலிப்பு வந்தது. தட்டைப் பிடித்தபடியே விறைத்துப்போனாள் என் மருமகள். அண்ணி அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலு நிமிடம். அண்ணி அழவில்லை. முடிந்ததும் சமையலறைக்குப் போய் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் வரும். அப்புறம் என்ன பண்றதுன்னு சொல்லுங்க. நீங்கதானே ஊருக்கெல்லாம் சொல்றீங்க?" என்று அண்ணனிடம் கேட்டாள்.

மறுநாள் காலை அண்ணன் எங்கள் கட்டடத்துக்கு வேலைக்கு வந்தான். லீவு போட்டு வீட்டில் உட்கார முடியவில்லை என்றான். என் மேசைப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு மருந்து மொத்தக் கடையாகப் போன் போட்டான். பதினேழாவது கடையோ பதினெட்டாவதோ, வெளியூர்க்காரர் ஒருவர் பேசினார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"என்கிட்ட இல்ல சார். ஆனா எங்க ஊர்லயே ஒருத்தர் பிரிக்காம வச்சிருக்கார். ஏதோ நெட்ல பெத்தவங்க மன்றம் இருக்காமே, அதுல சேந்து யாருக்காவது குடுக்கணும்னு பாத்தாராம். சேக்கவே மாட்டேங்கறாங்கன்னு கடையில நின்னு பொலம்பிட்டுப் போனார்."

"அவர் நம்பர் இருக்குங்களா?"

"எப்பவோ வர்றவர் சார். பேருகூடத் தெரியாது."

அண்ணன் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். சொல்லவேண்டியதைத்தான் எட்டு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டேனே. இருவரும் படியேறி, மொட்டை மாடியில் இருக்கும் லிஃப்ட் மோட்டார் அறைக்குப் போனோம். கிரீஸ் வாடை, இரும்பு ஸ்டூல் ஒன்று, கண்ட்ரோல் பெட்டியின் மேல் அவனுடைய லேப்டாப். மன்றம் மறுத்த பதிவுகளெல்லாம் ஒரு பட்டியலில் சேர்ந்துகொண்டே வந்திருந்தன. அதை அவன் ஒருநாளும் திறந்ததில்லை. குப்பைத் தொட்டியை யார் கிளறுவார்கள்? எழுபத்தோராயிரம் வரிகள்.

பதிவுப் படிவத்தில் 'ஏன் சேர விரும்புகிறீர்கள்' என்று ஒரு கட்டம் உண்டு. மருந்து என்ற சொல்லைப் போட்டுத் தேடினான். நாற்பதாயிரம் வந்தது. மருந்து விற்க வந்தவர்கள்தானே அத்தனை பேரும். மகன் என்று தேடினான், மகள் என்று தேடினான். அந்தப் பாவிகள் எங்கள் பெற்றோர் எழுதியதையே வெட்டி அந்தக் கட்டத்தில் ஒட்டியிருந்தார்கள். எல்லா வரியிலும் ஒரு பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, எல்லா வரியிலும் யாரோ கெஞ்சினார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் எது மெய் எது பொய் என்று தெரியவில்லை. ஒரு மணி நேரம் போயிற்று. அண்ணனின் சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

"இந்த ஓரத்துல இருக்கிற நம்பர் என்னடா?" என்று கேட்டேன்.

"படிவத்தை நிரப்ப எத்தனை செகண்டு ஆச்சுன்னு..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்தினான்.

எல்லாம் ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று. புரோகிராம் யோசிக்காது, அடித்ததை அழிக்காது. அண்ணன் அந்த எண்ணை வைத்துப் பட்டியலைத் திருப்பி அடுக்கினான். மேலே ஒரே முகவரியிலிருந்து ஏழு பதிவுகள் வந்து நின்றன. பதினோரு நிமிடம். ஒன்பது நிமிடம். பதினான்கு நிமிடம். இந்த எண்ணைப் பார்த்து வடிகட்டியிருந்தால் டொமைனைப் பூட்டவே தேவையிருந்திருக்காது. அது எனக்கு அப்போது உறைத்தது. அவனுக்கு எனக்கு முன்பே உறைத்திருக்கும்.

கடைசிப் பதிவு இருபது நாளைக்கு முந்தையது. 'ஆறு பாட்டில் இருக்கிறது, பிரிக்கவில்லை. தேவைப்படும் பிள்ளைக்குக் கொடுக்க விரும்புகிறேன்' என்று எழுதி, கீழே தெருவும் போன் எண்ணும் கொடுத்திருந்தார். அண்ணன் உடனே எண்ணைக் குறித்துக்கொண்டான். நான் அத்தோடு விட்டிருக்கலாம். கை சும்மா இல்லாமல் முதல் பதிவைத் திறந்தேன். ஐந்து மாதத்துக்கு முந்தையது.

'என் மகனுக்கு ஏழு வயது. எங்கள் ஊரில் மட்டும் இந்த சிரப் பத்து நாளாக வரவில்லை. ஆர்டர் கொடுத்திருக்கிறேன். வரும்வரை சமாளிக்க ஒரு பாட்டில் போதும். யாரிடமாவது இருக்குமா?'

மறுநாள்: 'நான் விளம்பரக்காரன் இல்லை. தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று வேளைக்குத்தான் இருக்கிறது.'

அதற்கும் மறுநாள்: 'ஒரு வேளை.'

அப்புறம் இரண்டு வாரம் ஒன்றுமில்லை. பிறகு வந்த பதிவில் இருந்தது: 'ஆர்டர் செய்த மருந்து வந்துவிட்டது. மகன் இல்லை.'

அண்ணன் இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்தான். மோட்டார் ஓடி நின்றது, மறுபடி ஓடியது. "அந்த வாரம் நம்ம வீட்டு அலமாரியில அஞ்சு பாட்டில் இருந்துச்சு" என்றான். "மன்றத்துல கேட்டிருந்தா நானே அனுப்பியிருப்பேன்." எழுந்திரு, போன் போடு, அழறதுக்கு நேரமில்லை என்று அதட்டினேன்.

பஸ்ஸில் மூன்று மணி நேரம். அந்த வீடு ஒரு டயர் கடைக்கு மேல் இருந்த இரண்டு அறை. கதவைத் திறந்தவர் வாகனங்களுக்கு நம்பர் பலகை எழுதுபவர், விரலெல்லாம் கறுப்புப் பெயிண்ட். போனில் சொன்னபடியே பையைத் தயாராகக் கட்டி வாசலில் வைத்திருந்தார். உள்ளே அலமாரிமேல் ஒரு சின்ன ஹெல்மெட் இருந்தது, பிள்ளை விழுந்தால் தலையில் அடிபடாமல் இருக்கப் போடுவது. எங்கள் வீட்டிலும் அதே மாதிரி ஒன்று உண்டு.

பையை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு அவர் கேட்டார். "ஒண்ணு கேக்கணும், தப்பா நெனச்சுக்காதீங்க. நான் அந்த மன்றத்துக்கு நெறைய தடவை எழுதினேன். யாராச்சும் படிச்சாங்களான்னு உங்களுக்குத் தெரியுமா?"

நான் அண்ணனின் முழங்கையை அழுத்தினேன். மருந்து கையில் வந்துவிட்டது, வாயை மூடிக்கொண்டு கிளம்பு என்பதுதான் அதற்கு அர்த்தம். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

"நான்தான் படிச்சேங்க" என்றான் அண்ணன். "அதை நடத்துறவன் நான்தான். பூட்டினதும் நான்தான்."

"எப்பப் படிச்சீங்க?"

"இன்னிக்குக் காலையில."

அவர் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். கீழே டயர் கடையில் யாரோ காற்றடிக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் பையை நீட்டினான், வேண்டுமானால் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்பது போல. அவர் அதைத் தொடவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டார், பெயிண்ட் கன்னத்தில் அப்பியது.

"பாப்பா எத்தனை கிலோ?" என்று கேட்டார். இந்த மருந்தை எடைக்குத் தகுந்தபடிதான் அளந்து கொடுப்பார்கள். பெற்றவர்களுக்குத்தான் அது முதலில் கேட்கத் தோன்றும்.

"பதினாறு" என்றான் அண்ணன்.

"எங்க பையன் இருபது. அப்ப உங்களுக்கு இது கொஞ்ச நாள் கூடவே வரும்" என்று சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.